கம்பியில் மாட்டிய கல்யாண மாலை

முரளி,

ஞாயிற்றுக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். வேறு மாநிலம், வேறு ஆறு, பெரிய பதவி. அனிதா உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள், நான் முறுக்கும் பருப்புப்பொடியும் வைத்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியை மூட வரும்போதே உன் கண்ணில் படும்படி, இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனில் அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவாய். போன ஆடியிலிருந்து இந்தப் பேச்சை நான் எடுத்தபோதெல்லாம் "அம்மா, ப்ளீஸ்மா" என்று என் வாயை அடைத்திருக்கிறாய். பிளஸ் டூ வகுப்பில் பின்வரிசைப் பெண்கள் கொட்டாவி விடுவதைக்கூடப் பொறுக்காமல் பிசிக்ஸ் நடத்திய வாய் இது. ஒரு ப்ளீஸில் அடங்கிவிடும் என்று நீ நம்பியதே எனக்கு ஆச்சரியம். இதன் நகல் ஒன்றை நம் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் மாதத் தாளுக்கும் கொடுத்திருக்கிறேன். ஆடி பிறந்த பிறகுதான் அந்தத் தாள் அச்சாகும். அதற்கு முன்னால் நீ செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்துவிட்டால் இந்தக் கடிதத்தில் ஊருக்குத் தெரியாத சேதி எதுவும் மிச்சம் இருக்காது. "ஊருக்குப் போற புள்ளைய எதுக்கு வம்புக்கு இழுக்கற, விடேன்" என்கிறார் உன் அப்பா. அவர் எதையும் விடக்கூடியவர். நான் விடுவதாக இல்லை.

தெருக்காரர்களுக்காக, நீ என்ன வேலை செய்கிறாய் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னால் யாருக்கும் புரியாது, புரியக்கூடாது என்பதில்தான் உங்கள் ஆட்களுக்குப் பாதி பெருமை. உன் கம்பெனி ஊர் ஊராக டிஜிட்டல் ட்வின் செய்கிறது. அதாவது, நிஜ ஊருக்கு ஒரு நகல் ஊரைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுகிறது. திருச்சியும் ஸ்ரீரங்கமும், காவிரியும் கொள்ளிடமும், தெருவின் மேடு பள்ளமும், சாக்கடையின் அகலமும், எந்த வீடு ஓடு, எந்த வீடு தகரம் என்பதும் அதற்குள் இருக்கும். அங்கங்கே வைத்த கருவிகள் மழையையும் வெயிலையும் காற்றையும் ஆற்று மட்டத்தையும் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும், அதை வைத்து நகல் ஊர் நிஜ ஊரைப் போலவே நனையும், காயும். நாளைக்கு வரப்போகும் மழையை இன்றைக்கே அதன்மேல் பெய்யவிட்டு, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். பார்த்ததை எல்லாருடைய போனிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டலாம். நல்ல வேலை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு மாத மழை ஒரே பிற்பகலில் கொட்டுவதும், பங்குனியிலேயே தார் ரோடு செருப்பில் ஒட்டுவதும் வழக்கமாகிவிட்ட ஊரில் இப்படி ஒன்று வேண்டும். உறையூரில் தகரக் கூரை வரிசை ஒன்று மத்தியானத்தில் தாங்காது என்று அது முன்கூட்டியே சொன்னதால் பக்கத்து மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே படுத்தவர்களை நானே பார்த்தேன். ஜீயபுரத்தில் காற்று சுழற்றி அடிக்கப்போகிறது என்றதைக் கேட்டு வாழைக்கு முட்டுக் கொடுத்தவர்களுக்குக் குலை தப்பியது. அந்த நாட்களில் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போதுகூட, இது என் பையன் செய்தது என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதன் தொடக்க விழாவிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மகளிர் குழுப் பெண்களை வேனில் அள்ளிக்கொண்டு வந்து ஏசி ஹாலை நிரப்பியிருந்தீர்கள். மேடையில் இருந்த யாருக்கும் அந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். சிறப்பு விருந்தினர் முதலில் கேட்டது, "இதுல நம்ம வீடு தெரியுதா?" தெரிந்தது. மனிதர் குளிர்ந்துபோனார். "ஆத்துல கொஞ்சம் தண்ணி ஏத்திக் காட்டுங்க தம்பி" என்றார். நீ ஏற்றினாய். படித்துறை மூழ்கியது, கைதட்டினார்கள். "இன்னும் ஏத்துங்க" என்றார். நம் தெரு மூழ்கியது, இன்னும் பலமாகத் தட்டினார்கள். கோபுரம் மட்டும் வெளியே நிற்க ஸ்ரீரங்கம் மொத்தமும் நீலத்துக்குள் போனபோது முன்வரிசை எழுந்து நின்று போனில் படம் பிடித்தது. மூழ்கிப்போன தெருவில் குடியிருக்கிற நானும், பெற்ற பெருமையில், தட்டினேன். அந்த அசட்டுத்தனத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? கடைசியில் இன்னொரு பெரிய மனிதர் மைக்கை வாங்கி, "மழையக் குறைக்கறதுக்கு இதுல ஏதாவது ஆப்ஷன் இருக்கா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நீயாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம் சார்" என்று சொல்லி அசடு வழிந்தாய். பெரிய மனிதர்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்ற பாடத்தை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியாது, இந்த வீட்டில் அது நடத்தப்படவில்லை.

இனி ஆடிப் பெருக்கு. உன் கல்யாணம் வைகாசியில் நடந்தது. முதல் ஆடிக்குத் தாய்வீடு போயிருந்த அனிதா, பதினெட்டாம் பெருக்கன்று காலையில் உறையூரிலிருந்து வந்து சேர்ந்தாள், நாம் மூன்று பேரும் படித்துறைக்குப் போனோம். புதிதாகக் கல்யாணமானவர்கள் எடுத்து வைத்திருக்கும் கல்யாண மாலையை அன்றைக்கு ஆற்றோடு விடுவது வழக்கம். காய்ந்து சருகாகியிருந்த உங்கள் மாலைகளை ஒன்றாகக் கட்டி நான் துணிப்பையில் சுமந்து வந்தேன். ஆற்றில் தண்ணீர் வேகமாக ஓடியது. பாதிப் படிக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது என்று சவுக்குக் கட்டையால் தடுப்புக் கட்டி போலீஸ் நின்றது. எறியவும் விடவில்லை, அதோ அந்தக் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்றார்கள். கல்யாண மாலையைக் குப்பைத்தொட்டியில் போட எந்தப் புதுப்பெண்ணுக்கு மனசு வரும்? தடுப்பை ஒட்டி ஒரு இரும்புக் கம்பம் நின்றது. அதன் தலையிலிருந்து ஒரு கம்பி தண்ணீரின் பக்கமாகச் சற்றே சரிந்து நீண்டிருந்தது, நுனியில் டிபன் பாக்ஸ் அளவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கீழே பார்த்தபடி தொங்கியது. "கீழ வச்சா மிதிச்சிருவாங்க. அந்தக் கம்பியில மாட்டிடுங்க, ஆத்துக்கு நேரா இருக்கட்டும்" என்றாள் அனிதா. நீ ஆபீஸோடு போனில் இருந்தாய். இன்றைக்குக் கூட்டம் அதிகம், ஆனாலும் ட்வின் ஒவ்வொரு அங்குலத்தையும் கவனிக்கிறது என்று யாரிடமோ அளந்துகொண்டிருந்தாய். பேச்சை நிறுத்தாமலே, ஒரு கையில் போனும் மறு கையில் மாலையுமாக, தடுப்பின்மேல் ஒரு காலை ஊன்றி எம்பி மாட்டினாய். மாலை கம்பியில் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பெட்டியில் தட்டி நின்று, அதன் முகத்துக்குக் கீழே தொங்கியது. உன்னைப் பார்த்து அடுத்த ஜோடி மாட்டியது, அவர்களைப் பார்த்து இன்னொரு ஜோடி.

அந்தப் பெட்டி கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆறு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்குப் போடும். நடுவில் மாலை வந்தால் மாலைதான் அதற்குத் தண்ணீர். காவிரி கண் இமைக்கும் நேரத்தில் ஆள் உயரம் ஏறிவிட்டது என்று அது சொன்னது, நகல் ஊர் சிவப்பானது, நிஜ ஊரில் சைரன் அலறியது. போலீஸ் கூட்டத்தை மேலே தள்ளியது. புளிசாதமும் தேங்காய்சாதமும் படியெல்லாம் சிந்தின, முளைப்பாரி மிதிபட்டது, காப்பரிசித் தட்டுகள் உருண்டன. யாருக்கும் அடிபடாமல் போனது வந்தவர்களின் நல்ல நேரம். நீயும் எங்களை இழுத்துக்கொண்டு படியேறினாய். "பாத்தியாம்மா, எப்படி வேல செய்யுது பாரு!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பெருமைப்பட்டாயே, அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அன்று சாயங்காலம் உன் ஆபீஸ் குழுவில் அந்தக் கம்பத்தின் படம் வந்தது. முதல் மாலையில், அனிதா ஆசைப்பட்டுக் கேட்டு வைத்த பச்சைக் குஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கம்பத்தை அந்த இடத்தில் குறித்தவன் நீ. திரையில் அதை ஒரு நீலப் புள்ளியாகத் தினமும் பார்த்தவன் நீ. வீட்டிலிருந்து காலாற நடந்துபோகிற தூரத்தில் நின்ற கம்பத்தை ஒரு தடவைகூட நேரில் போய்ப் பார்க்காததால், உன்னுடைய கருவியின் கண்ணை உன் கையாலேயே உன்னால் மூட முடிந்தது. "அம்மா, இத யார்கிட்டயும் சொல்லாத. அனிதா, நீயும்தான்" என்றாய்.

இதுவரை நடந்தது சிரிப்பு. தவறு யாருக்கும் வரும், நீ மறுநாள் ஆபீஸில் போய் "சார், மாலைய மாட்டுனது நான்தான்" என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்துவிட்டு விட்டிருப்பார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஊரே போனில் உங்களைக் கேலி செய்தது, மாலையைப் பார்த்து வெள்ளம் என்று கத்திய கம்ப்யூட்டர் என்று. உடனே மீட்டிங் போட்டு, பொதுமக்களின் அறியாமைதான் காரணம் என்று கண்டுபிடித்தீர்கள். படித்துறையில் விழிப்புணர்வுப் பலகை வைத்தீர்கள். 'அறிவியல் கருவிகளுக்கு மாலை அணிவிக்காதீர்' என்ற எழுத்துக்குக் கீழே பெரிதாக ஒரு படம், பச்சைக் குஞ்சத்தோடு. உன் கல்யாண மாலை இந்த ஊர் மக்களின் அறியாமைக்கு எடுத்துக்காட்டாக வெயிலில் நிற்கிறது முரளி. அனிதா அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். ஊர்க்காரர்களுக்கு அறிவில்லை என்று பலகை வைத்த அத்தனை பேரிலும், தடுப்புக் கட்டிய இடத்தில் மாலையை மக்கள் எங்கே விடுவார்கள் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. சாக்கடையின் அகலம்வரை அளந்து வைத்த நகல் ஊரில் படி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆடிப் பெருக்குக்கு வருகிற ஒரு மனிதர் இல்லை.

அதற்கும் மேலே ஒன்று செய்தீர்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கருவியைச் சுற்றி ஒரு வலைக்கூண்டு போடலாம். பக்கத்தில் மாலை மாட்டவென்றே தனியாக ஒரு கம்பம் நடலாம். இரண்டும் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரு நாளில் முடிகிற வேலை. அது உங்கள் தகுதிக்குக் குறைவாயிற்றே! கம்ப்யூட்டருக்குள் ஒரு விதி எழுதினீர்கள், எழுதியவன் நீ. அந்தப் படித்துறைக் கருவி திடீரென்று ஏற்றம் காட்டினால், மேலே அணையிலிருந்து வரும் கணக்கோடு அது ஒத்துப்போகாவிட்டால், அதை மாலை என்று வைத்துக்கொண்டு தள்ளிவிட வேண்டும். 'திருவிழாத் திருத்தம்' என்று அதற்குப் பெயர். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிற ஒரே கண், அது எப்போது உரக்கச் சொல்கிறதோ அப்போது அதை நம்பாதே என்று எழுதி வைத்தீர்கள்.

ஆடி முடியப்போகும் சமயத்தில் நிஜத் தண்ணீர் வந்தது. அணையில் திறந்தது வழக்கமான அளவுதான். கீழே பாலத் தூண்களில் ஆகாயத்தாமரையும் அடித்து வந்த மரங்களும் சேர்ந்து அடைத்துக்கொண்டன, தண்ணீர் போக வழியில்லாமல் நம் பக்கம் எதிர்த்து ஏறியது. எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஷகிலா அன்று காலையில் என் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், ஆத்துல தண்ணி ஜாஸ்தியா போகுதுன்னு பேசிக்கிறாங்க. மிஷினெல்லாம் மாடிக்கு ஏத்திரட்டுமா? மோட்டார் மிஷின், தண்ணி பட்டா போச்சு" என்றாள். "போன்ல என்ன காட்டுது?" என்று கேட்டேன். "பச்சைதான் காட்டுது." நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "முரளி பண்ணுனது ஷகிலா. பச்சைன்னா பச்சைதான். போய் வேலையப் பாரு." அவள் போய் வேலையைப் பார்த்தாள். டிபன் நேரம் முடிவதற்குள், ஆற்றுக்குப் போகவேண்டிய சாக்கடைத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீரோடு திரும்பி வந்து தெருவில் பொங்கியது. அவள் கடை தெருவைவிடப் பள்ளம். மிஷின்கள் மோட்டாரோடு முங்கின. ஆவணி முகூர்த்தத்துக்குத் தைத்து மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டுகள், யார் யாரோ நம்பிக் கொடுத்த பட்டுத் துணிகள், சாக்கடைக் கறையோடு மிதந்தன. மாடிப்படியில் நின்றுகொண்டு ஷகிலா என்னைப் பார்த்துச் சொன்னாள், "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர், போனே பச்சைன்னுதான சொல்லுச்சு." திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். என் சொல்லுக்கு இந்தத் தெருவில் இருந்த மதிப்பை நான் உன்மேல் வைத்த நம்பிக்கையில் செலவழித்துவிட்டேன், எனக்கு அழுகையாக வந்தது.

அன்றைக்கு உன்னை உட்காரவைத்து லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். நீ முணுமுணுத்துக்கொண்டே திறந்தாய். கருவி அனுப்பிய கோடு காலையிலிருந்தே ஒழுங்காக மேலே ஏறிக்கொண்டிருந்தது, செங்குத்தாக, தெளிவாக. பக்கத்திலேயே, நீ எழுதிய விதி அதைத் தள்ளுபடி செய்த குறிப்பும் வரிசையாக இருந்தது. கருவிக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஆடிப் பெருக்கன்று தன் முன்னால் இருந்ததைச் சொன்னது, அன்றைக்கும் தன் முன்னால் இருந்ததைச் சொன்னது. நீ பிளஸ் டூ படித்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? ஊசல் பரிசோதனையில் உன் ரெக்கார்டில் இருந்த ரீடிங் எல்லாம் அச்சடித்ததுபோல் சரியாக இருந்தது. விடையிலிருந்து பின்னால் கணக்குப் போட்டு எழுதியிருந்தாய். "எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறாங்க" என்றாய். நான் அலமாரிப் பூட்டை நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுக் கொடுத்தேன். உனக்கு விடை தாறுமாறாக வந்தது. சாப்பிடக்கூட வராமல் மறுபடி மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஃபேன்! ஃபேன் காத்து தள்ளுது!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தாய். தப்பாக வந்த ரீடிங்தான் உனக்கு ஃபேனைக் காட்டிக் கொடுத்தது. அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவனை எந்த மீட்டிங் ஹாலில் விட்டுவிட்டு வந்தாய் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிறகு உன் கம்பெனி ஒரு விளக்கம் கொடுத்தது. 'முன்கூட்டிக் கணிக்க இயலாத உள்ளூர் நிகழ்வு' என்று. கணித்துக் கையில் கொடுத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, கணிக்க இயலவில்லை என்று சொல்வதற்கு ஒரு தனி தைரியம் வேண்டும். தட்பவெப்பம் மாறிவிட்டது, இயற்கை சீறுகிறது என்று இரண்டு பத்தி வேறு. வசதியாகப் போயிற்று, உங்களைப் போன்றவர்களுக்கு இயற்கையைப் போல வாய் பேசாத குற்றவாளி வேறு எங்கே கிடைக்கும்? அந்த விதியை எடுத்துவிடு என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன். "எடுத்தா ஏன் எடுத்தன்னு கேப்பாங்கம்மா. எதுக்கு வச்சன்னு கேப்பாங்க. மாலை யாரோடதுன்னு வரும்" என்றாய். ஆக, காவிரிக் கரையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரு எச்சரிக்கை வராமல் இருக்கிறது, நீ ஒரு அறையில் அரை மணி நேரம் தலைகுனிந்து உட்காரவேண்டி வரும் என்பதற்காக. விதி இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அது போதாதென்று, இப்போது நீ போகிற ஊருக்கு அதையே சிறப்பம்சமாகக் கொண்டுபோகிறாய். அனிதா உங்கள் விளம்பரக் காகிதத்தைக் காட்டினாள். 'உள்ளூர்ப் பண்பாட்டைப் புரிந்துகொள்ளும் ட்வின்' என்று போட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பண்பாட்டைப் புரிந்துகொண்ட லட்சணம் அது, திருவிழா வந்தால் காதைப் பொத்திக்கொள்வது.

உன்னை நான் வெறுப்பதாக நினைத்துக்கொள்ளாதே. வெறுத்தால் முறுக்கு சுட்டிருக்கமாட்டேன். உன்னைப் பார்த்தால் எனக்கு இளக்காரமாக இருக்கிறது, பெற்ற பிள்ளையை அப்படிப் பார்க்க நேர்வது அதைவிடக் கஷ்டமான காரியம். அந்த இயந்திரத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இந்தக் கதையில் பொய் சொல்லாத ஒரே ஆள் அதுதான். போவதற்கு முன்னால் உன் மேலதிகாரியிடம் போ. மாலை என்னுடையது, மாட்டியவன் நான், விதியை எழுதியவனும் நான், ஆற்றைக் கேட்காமல் தெருவை முழுகவிட்டதும் அந்த விதிதான் என்று சொல். பலகையை எடுக்கச் சொல். ஒரு கூண்டு, மாலைக்கு ஒரு கம்பம், இரண்டையும் ஆடிக்குள் நடச் சொல். வேலைக்கு ஆபத்து வரலாம், தெரிந்துதான் எழுதுகிறேன். வந்தால் திரும்பி வா, சாப்பாடு போடுகிறேன். போன பிறகு அந்தப் புது ஊரில் கம்பம் நடும் இடத்துக்கு நீயே நடந்து போ. அங்கே என்ன திருவிழா, ஆற்றில் எதை விடுவார்கள், வழியை அடைத்தால் கையில் இருப்பதை எங்கே வைப்பார்கள் என்று அங்கே நின்று பார்த்த பிறகு லேப்டாப்பைத் திற.

நேற்று நான் ஷகிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றது ஆபீஸ்காரர்களிடமிருந்து உன்னைக் காப்பாற்றத்தான், அவளிடம் மறைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. புது மிஷினில் ஊசி கோர்த்துக்கொண்டே கேட்டாள். மாலைக் கதைக்குச் சிரித்தாள்கூட. பிறகு, "அப்ப எங்க தெருவுல தண்ணி வந்த அன்னிக்கு அந்தப் பொட்டி சரியாத்தான் சொல்லுச்சா டீச்சர்?" என்றாள். "ஆமா, சரியாத்தான் சொல்லுச்சு." "இந்த வருஷம் சொன்னா கேப்பாங்களா?" உண்மையில் எனக்குத் தெரியாது. "முரளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். ஷகிலா தலையாட்டினாள். ஊசியை எடுத்து டப்பாவில் போட்டாள், பிளக்கைப் பிடுங்கினாள், வயரைச் சுற்றி வைத்தாள். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது, வானத்தில் ஒரு மேகம் இல்லை, அவள் மேஜைமேல் கிடந்த போனில் நம் தெரு பச்சையாகத்தான் இருந்தது. "ஒரு பக்கம் பிடிக்கிறீங்களா டீச்சர்? மாடிக்கு ஏத்திரலாம்" என்றாள். முழங்கால் வலியோடு நான் ஒரு பக்கம் பிடித்தேன்.